கால் முறிந்த சிப்பிப்பாறை மீண்டும் ஓட: கட்டுப் போட்ட பிறகுதான் வேலை அதிகம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கம் பகுதித் தோப்புகளிலும், திருச்சி சுற்றுவட்டார வாழைத் தோட்டங்களிலும் காவலுக்குச் சிப்பிப்பாறை, கன்னி நாய்களை வளர்ப்பவர்கள் உண்டு. தென்மாவட்டங்களில் முயல் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட இனங்கள் இவை. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வேட்டை குற்றம். ஆனால் சட்டம் வந்தது நாய்க்குத் தெரியாதே! கண்ணில் ஏதாவது அசைந்தால் பாய்ந்துவிடும். அந்தப் பாய்ச்சலில்தான் கரூர் சாலையில் வண்டியில் அடிபடுவதும், வரப்புப் பொந்தில் கால் சிக்கி முறிவதும் நடக்கின்றன.

அடிபட்ட நாய் வலியில் வளர்த்தவரையே கடிக்கும். மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையென்றால் மட்டும் வாயைத் துணியால் தளர்வாகக் கட்டி, ஒரு பலகையில் கிடத்தி, ஆடாமல் கொண்டுபோங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், டைக்ளோபினாக், இபுபுரூஃபன் எதையும் கொடுக்க வேண்டாம். இவை நாயின் வயிறு, ஈரல், சிறுநீரகத்தைக் கெடுப்பவை.

மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் வழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றால் கால் அழுகிவிடும். பிறகு காலை எடுப்பதைத் தவிர வழியில்லை. மருத்துவர் கட்டுப் போட்டாலும் தினமும் இருமுறை நுனி விரல்களைப் பாருங்கள். நடுவிரல்கள் இரண்டின் நகங்களும் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். அவை விலகினால் வீக்கம் என்று பொருள். விரல் சில்லிட்டாலோ, கட்டிலிருந்து வாடை வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

எக்ஸ்ரே எடுக்காமல் சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது. முழங்காலுக்குக் கீழே உள்ள எளிய முறிவுகளில் பல மாவுக்கட்டில் கூடிவிடும். தொடை எலும்பு முறிவுக்கு அது உதவாது. கம்பியோ பிளேட்டோ வைக்க வேண்டும். உள்ளூரில் அந்த வசதி இல்லையென்றால் நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் திருச்சியிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. மயக்க மருந்து கொடுக்கும் முன், இது ஓட்ட நாய் இனம் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கொழுப்பு குறைந்த இந்த உடல்வாகு உள்ள நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய வெகுநேரமாகும்.

வளர்ந்த நாய்க்கு எலும்பு கூட 8 முதல் 12 வாரம் ஆகும். குட்டிக்கு அதில் பாதி போதும். சிக்கல் என்னவென்றால், மூன்றாவது வாரமே வலி குறைந்து நாய் துள்ள ஆரம்பிக்கும். 'பாவம், கட்டியே கிடக்கிறதே' என்று அவிழ்த்துவிட்டால் பிளேட் வளையும், கம்பி நழுவும். செய்த செலவு முழுக்க வீண். சிறிய கூண்டிலோ மூலையிலோ சாக்கு விரித்து வையுங்கள். வழவழப்பான டைல்ஸ் தரை ஆகாது. தையலை நக்காமல் இருக்க, அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் வாளியைக் கழுத்தில் மாட்டலாம். எலும்பு சீக்கிரம் கூடட்டும் என்று கால்சியம் டானிக்கை இஷ்டத்துக்கு ஊற்றாதீர்கள். முட்டை, கோழி ஈரல் என்று புரதம் சேருங்கள், சோற்றைக் குறையுங்கள்.

கட்டியே போட்டாலும் தசை கரைந்துவிடும். அதனால் மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து பயிற்சி தொடங்க வேண்டும். அறுவை செய்த கால் என்றால், வெதுவெதுப்பான துணியால் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்து, மூட்டை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. நாய் திரும்பிப் பார்த்தாலோ முனகினாலோ அதோடு நிறுத்துங்கள். அடுத்தது கயிற்றில் பிடித்து ஐந்து நிமிட நடை. வேகமாக நடத்தினால் மூன்று காலில் நொண்டியே வந்துவிடும். ஆமை வேகத்தில் நடத்தினால்தான் நான்காவது காலை ஊன்றும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். பிறகு நாய் நீளத்துக்கு இடைவெளி விட்டு நான்கைந்து மூங்கில் கழிகளைத் தரையில் போட்டுத் தாண்டி நடக்க வையுங்கள். ஒவ்வொரு காலையும் தூக்கி வைக்கப் பழகும்.

தையல் பிரித்து, புண் முழுதும் ஆறியிருந்தால் தண்ணீர் நடை நல்ல பலன் தரும். நாயின் இடுப்பு மட்டத் தண்ணீரில் உடல் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் காலில் விழும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறந்திருக்கும் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை, இழுப்பு இல்லாத பாசன வாய்க்காலே போதும். மற்ற மாதங்களில் தோட்டத்துத் தொட்டி இருக்கிறது. கொள்ளிடத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறதென்று தெரியாது. பொதபொத மணலும் ஆறாத காலுக்கு ஆகாது.

தையல் டேப்பால் இரு தொடைகளையும் ஒரே இடத்தில் வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தால் சரியான பாதையில் போகிறீர்கள். ஊன்றிக்கொண்டிருந்த காலை நாய் திடீரென்று தூக்கிவிட்டால் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காலை எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும் நாயைக் கைவிட வேண்டியதில்லை. மூன்று காலில் தோப்பைச் சுற்றிவந்து குரைக்கும் நாயும் காவல் நாய்தான்.

எலும்பு கூடியதை எக்ஸ்ரேயில் உறுதி செய்த பிறகே அவிழ்த்துவிடலாம். முதல் ஓட்டம் காலை வேளையில், வேறு நாய் உடன் இல்லாமல், சமதரையில், சின்னத் தூரத்துக்கு இருக்கட்டும். மறுநாள் எழுந்ததும் முதல் பத்து அடி நடையைக் கவனியுங்கள். நொண்டினால் ஒரு வாரம் பின்னோக்கிப் போய், கயிற்று நடையிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.