கிளைவிடும் காலமும் ஒரு தீர்க்கதரிசியும்

ஆர்ஜென்டீன எழுத்தாளர் ஜோர்ஜ் லூயிஸ் போர்ஹேஸ் (1899–1986) இலக்கிய நேயர்களுக்குப் புதியவரல்லர். அவருடைய புகழ்பெற்ற சிறுகதையொன்று 1941 இல் வெளியாயிற்று. 'கிளைவிடும் பாதைகளின் தோட்டம்' என்று தமிழில் அதனைச் சொல்லலாம். நாம் தெரிவு செய்யாத முடிவுகள் அழிந்துவிடுவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனிக் காலமாகக் கிளைவிட்டுச் செல்கிறது என்பது அக்கதையில் வரும் எண்ணம். ஹியூ எவரெட் என்ற அமெரிக்கப் பௌதிக அறிஞர் இதையொத்த கருத்தொன்றைச் சமன்பாடுகளுடன் வெளியிட்டது 1957 இலேதான். எழுத்தாளன் விஞ்ஞானியை முந்திவிட்டான் என மகிழ்வோர் உளர். எனக்கு அதிற் பெரிய அக்கறை இல்லை. அந்தக் கற்பனை பின்னர் யார் கையிற் சிக்கியது என்பதே என் கவலை.

2000 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஜோன் டைட்டர் என்ற பெயரில் ஒருவர் இணையத்தில் எழுதத் தொடங்கினார். தாம் 2036 இலிருந்து வந்த அமெரிக்கப் போர்வீரர் என்றார். 1975 இல் வெளியான ஐ.பி.எம். 5100 என்னும் கணினியொன்றை எடுத்துச் செல்லவே அனுப்பப்பட்டாராம்! 2004 அளவில் ஐக்கிய அமெரிக்காவில் உள்நாட்டுக் குழப்பம் மூண்டு யுத்தமாகும், 2015 இல் ரஷ்யா அணுகுண்டு வீசும், 2004 இன் பின் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறமாட்டா என்றெல்லாம் சொல்லிவிட்டு, 2001 மார்ச்சில் மறைந்துபோனார்.

2006 இல் டியூரினிலும் 2008 இல் பீஜிங்கிலும் ஒலிம்பிக் நடைபெற்றது. உள்நாட்டு யுத்தமோ அணுகுண்டோ வரவில்லை. ஆயினும் அவரைத் தோற்றவர் என்று சொல்லிவிட முடியாது. தாம் வந்த காலக்கோடு வேறு, நம்முடையது வேறு, இரண்டுக்குமிடையில் நூற்றுக்கு இரண்டு வீதமளவில் வித்தியாசமுண்டு என்று முன்னரே சொல்லிவைத்திருந்தார். எதில் இரண்டு வீதம்? அளந்தது யார்? நடந்தால் அது தீர்க்கதரிசனம். நடக்காவிட்டால், வேறொரு காலத்தில் நடந்துவிட்டது. எவரெட்டும் இங்கே துணைக்கு வரமாட்டார். ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு ஆள் வந்து செய்தி சொல்ல அவருடைய கோட்பாட்டில் வழியில்லை.

எட்மண்ட் ஹலியை எண்ணிப் பாருங்கள். தாம் ஆராய்ந்த வால்வெள்ளி 1758 இல் திரும்பும் என்று 1705 இல் எழுதினார். 1742 இல் இறந்தும் போனார். 1758 நத்தார் தினத்தன்று ஜேர்மனியில் ஒரு விவசாயி அதனைக் கண்டார். அது வராது போயிருந்தால், ஹலியின் கணக்குப் பிழை என்பதைத் தவிர வேறு பேச்சுக்கு இடமிருந்திராது. பொய்யென்று காட்டப்படக்கூடிய கூற்றே விஞ்ஞானக் கூற்று என்று கார்ல் பொப்பர் வாதாடியது இதனாலேதான்.

வியப்பு என்னவென்றால், போர்ஹேஸும் இவ்விடயத்தில் ஹலியின் பக்கமே நிற்கிறார். கதையின் நாயகன் யூ சுன், முதலாம் உலக யுத்தத்தில் ஜேர்மனிக்காக வேலை செய்யும் சீன ஒற்றன். குண்டு வீசப்பட வேண்டிய நகரின் பெயர் அல்பேர்ட். அதனை ஜேர்மனியருக்கு அறிவிக்க, அதே பெயருள்ள ஓர் ஆங்கிலேய அறிஞரைக் கொல்லத் துணிகிறான். காலம் கிளைவிடுவதை அவனுக்கு விளக்கிச் சொல்பவரே அந்த அறிஞர்தான். ஏதோவொரு காலத்தில் இருவரும் நண்பர்களாயிருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்தவன் சுட்டுவிடுகிறான். பின்பு, தூக்குமேடையை எதிர்நோக்கி வாக்குமூலம் எழுதுகையில், வேறொரு காலத்தில் அவர் உயிரோடிருப்பார் என்று அவன் ஆறுதல் தேடவில்லை. தீராத குற்றவுணர்வையே எழுதிவைக்கிறான்.