எங்கே போகிறான் நம் பிள்ளை?

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து செல்லும் வேளையில், கல்லூரியில் பயிலும் மைந்தரைப் பெற்ற தாய்மார் நம்மிடம் வந்து சொல்லும் முறையீடு ஒன்றுண்டு. "சாமி, பையனுக்கு எந்நேரமும் கூட்டம், சங்கம், சிநேகிதர் என்றே பொழுது போகிறது. சாப்பாட்டு வேளைக்குக் கூட வீடு தங்குவதில்லை. படிப்பு என்ன ஆகுமோ? நீங்கள்தான் கூப்பிட்டுப் புத்தி சொல்லவேண்டும்" என்பர்.

அத்தாய்மாரின் கவலை நியாயமானதே. வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்திற்குத் தேர்வும் பட்டமும் சிறு காரியங்கள் அல்ல. ஆயினும், "சங்கங்களையெல்லாம் விட்டுவிடு, புத்தகத்தை மட்டும் கட்டிக்கொள்" என்று அப்பிள்ளைக்குச் சொல்ல நம் நா எழுவதில்லை. காரணம், இத்தகைய மாணவர் ஒருவரையே திருச்சபை இன்று பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் புனித இராயப்பர் சதுக்கத்தில் திருத்தந்தை பதினான்காம் லியோ இருவரைப் புனிதர் என அறிவித்தார். ஒருவர் சிறுவர் கார்லோ அக்குதிஸ். மற்றவர் இருபத்துநான்கு வயதில் மறைந்த பல்கலைக்கழக மாணவர் பியர் ஜார்ஜோ பிரசாத்தி. இவரது வாழ்வைச் சற்றே நோக்குவோமாக.

பியர் ஜார்ஜோ 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், பெரிய சனியன்று, இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் பிறந்தார். தந்தை அல்பிரேதோ, 'லா ஸ்தாம்பா' என்னும் புகழ்பெற்ற நாளிதழை நடத்தியவர். நாட்டின் மேலவை உறுப்பினர். பின்னர் ஜெர்மனியில் இத்தாலியத் தூதராகவும் இருந்தவர். தாய் அதெலாய்தே ஓவியக் கலைஞர். செல்வத்திற்குக் குறைவில்லாத அவ்வீட்டில் பக்திக்கு அவ்வளவு இடமிருக்கவில்லை. தந்தையார் விசுவாசத்தினின்று விலகி வாழ்ந்தவர்.

பிள்ளை படிப்பிலே கெட்டிக்காரரும் அல்லர். பள்ளியில் இலத்தீன் பாடத்தில் தவறி, சேசு சபையார் நடத்திய பள்ளிக்கு மாற்றப்பட்டார். அங்கேதான் நாள்தோறும் நற்கருணை உட்கொள்ளும் வழக்கம் அவருக்கு வாய்த்தது. திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் 1905-இல் அடிக்கடி நற்கருணை வாங்கும்படி விசுவாசிகளை ஊக்குவித்திருந்தார். அவ்வழைப்பை மனமார ஏற்ற தலைமுறையைச் சேர்ந்தவர் இவர். 1918-இல் தூரின் பொறியியற் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சுரங்கப் பொறியியலைத் தேர்ந்துகொண்டார். நிலத்தடியில் உழலும் சுரங்கத் தொழிலாளரிடையே கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்யவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இனி அவரது சங்கங்களைப் பார்ப்போம். பள்ளிப் பருவத்திலேயே செப அப்போஸ்தலர் சபையில் சேர்ந்தார். 1918-இல் புனித வின்சென்ட் தே பவுல் சபை. 1919-இல் இத்தாலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பைச் சேர்ந்த 'செசாரே பால்போ' கழகம். 1920-இல் லூயிஜி ஸ்துர்சோ என்னும் குருவானவர் தோற்றுவித்த மக்கள் கட்சி. 1922-இல் புனித சாமிநாதரின் மூன்றாம் சபை. இவற்றோடு இரவு நற்கருணை ஆராதனைக் குழுவும், 1863-இல் தூரின் நகரிலேயே தோன்றிய இத்தாலிய மலையேறுவோர் கழகமும், 'இளம் மலை' என்னும் கத்தோலிக்க மலையேற்றச் சங்கமும் உண்டு. இத்தனையையும் படிக்கும் தாய்மார், "நம் பிள்ளையே தேவலை" என எண்ணக்கூடும்.

இவை போதாவென்று, 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒரு மலைப் பயணத்தின்போது, தம் நெருங்கிய நண்பரைக் கூட்டிப் புதிய சங்கம் ஒன்றையும் தொடங்கினார். அதன் பெயர் 'தீப்பி லோஸ்கி'. 'சந்தேகத்துக்குரிய பேர்வழிகள்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம்! வாலிபரும் இளம் பெண்களும் அதில் உறுப்பினர். ஒவ்வொருவருக்கும் ஒரு வேடிக்கைப் பெயர் உண்டு. பியர் ஜார்ஜோவுக்குப் பிரெஞ்சுப் புரட்சியில் அஞ்சப்பட்ட ரொபெஸ்பியரின் பெயர். ஒருவரையொருவர் கேலி செய்வதும், சிரிப்பதும், உரத்த குரலில் பாடுவதும், பனிமலை ஏறுவதும் அவர்களது வேலை. அவருக்குச் சுருதி சேராத குரல். இருந்தும் எல்லாரினும் உரக்கப் பாடுவாராம். எனினும் மலைக்குப் புறப்படும் ஞாயிறுகளில் திருப்பலியை அவர்கள் விட்டதில்லை. ஒருவருக்காக ஒருவர் செபிப்பதே தங்களைப் பிணைக்கும் கயிறு என அவர் நண்பர்களுக்கு எழுதியும் சொல்லியும் வந்தார். பக்தியுள்ள வாலிபன் முகம் வாடியிருக்கவேண்டும் என்று எண்ணுவோருக்கு இச்சங்கத்தின் சிரிப்பொலி நல்ல மறுமொழியாகும்.

இத்தனைச் சங்கங்களுக்கும் நடுவே ஒன்று மட்டும் அவருடைய ஏனைய நேரத்தையெல்லாம் உண்டது. அது வின்சென்ட் தே பவுல் சபை. நம் பங்குகளில் வாரந்தோறும் கூடி, கைப்பிடி அரிசியும் காணிக்கையும் சேர்த்து, ஏழைக் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும் பெரியோரை நாம் அறிவோம். அச்சபை மாணவர் சங்கமாகவே பிறந்தது என்பதைப் பலர் அறியார். பாரிஸ் நகரில் சட்டம் பயின்ற பிரெதெரிக் ஓசானாமும் அவர் தோழரும் விவாதக் கழகம் ஒன்றை நடத்தி வந்தனர். "உங்கள் திருச்சபை முற்காலத்தில் நன்மைகள் செய்திருக்கலாம், இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது?" என்ற கருத்தில் அங்கே ஒருவர் அறைகூவல் விடுத்தார். சொல்லால் வெல்ல முயலாமல் செயலால் விடை தர அவர்கள் துணிந்தனர். 1833-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், ஓசானாமின் இருபதாம் பிறந்தநாளில், அச்சபை தோன்றியது. ரோசலி ரொந்து என்னும் அருட்சகோதரி, ஏழைகளின் வீட்டுப் படிகளை ஏற அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஓசானாமை 1997-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார்.

அந்தப் படிகளையே எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் தூரின் நகரில் பியர் ஜார்ஜோ ஏறினார். மருந்து சுமந்தார், வாடகை கட்டினார், வேலையற்றோருக்கு வேலை தேடி அலைந்தார். டிராம் வண்டிக்கென வைத்திருந்த காசையும் கொடுத்துவிட்டு, உணவு வேளைக்கு ஓடியே வீடு சேர்வார். தாமதமாக வந்ததற்கு ஏச்சும் வாங்கிக்கொள்வார். எங்கே போயிருந்தார் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

சங்கத்தில் சேரத் தெரிந்த அவருக்கு அதைவிட்டு விலகவும் தெரிந்திருந்தது. 1923-ஆம் ஆண்டில் முசோலினி தூரின் நகருக்கு வருகை தந்தபோது, செசாரே பால்போ கழகம் அவரை வரவேற்குமுகமாகத் தன் மாடத்தில் கொடியேற்றியது. தாம் பலமுறை சுமந்த அக்கொடி, வன்முறையால் ஆட்சிக்கு வந்தவருக்கு வணக்கமாகப் பறப்பதை அவர் பொறுக்கவில்லை. கழகத்தலைவருக்கு மடல் எழுதி உறுப்பினர் பொறுப்பைத் துறந்தார். நண்பர் மனம் நோகுமே என்று வாய்மூடி இருந்துவிடுவது எளிது. சங்கம் மனச்சாட்சிக்குத் துணை நிற்கும்வரை அது வரம். மனச்சாட்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது அது கண்ணியாகிவிடும்.

இவ்வாழ்வுக்கு அவர் கொடுத்த விலையையும் நாம் மறைத்தல் ஆகாது. படிப்பு இழுத்துக்கொண்டே போயிற்று. பாடங்கள் கடினமாயிருந்தன, அவரும் விரைந்து கற்பவர் அல்லர். ஏழு ஆண்டுகள் கழிந்தும், 1925-இல் இன்னும் இரு தேர்வுகள் எஞ்சியிருந்தன. மகன் எதற்கும் உதவான் என்னும் கவலை தந்தைக்கு இருந்தது. பட்டம் பெற்றபின் தம் நாளிதழ் நிறுவனத்திலேயே அவர் பணியாற்ற வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். பல்லாண்டு போற்றி வளர்த்த சுரங்கக் கனவைப் பிள்ளை அதற்காக விட்டுக்கொடுத்தார். பெற்றோருக்கிடையே மனக்கசப்பு முற்றியிருந்த நாட்கள் அவை. தாம் நேசித்த ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சையும் குடும்ப அமைதியை எண்ணித் தமக்குள்ளேயே அடக்கிக்கொண்டார். சங்கங்களில் ஓடியாடித் திரிந்தவர் வீட்டை மறந்தவர் என்று இனி யார் சொல்வார்?

அவ்வாண்டு ஜூன் திங்களில் தம் கடைசி மலையேற்றத்தின்போது எடுத்த நிழற்படத்தில், 'உயரத்தை நோக்கி' என்னும் பொருள்பட இரண்டே சொற்களை எழுதினார். அம்மாத இறுதியில் நோயுற்றார். அதே வீட்டில் அவருடைய பாட்டியார் மரணப் படுக்கையில் இருந்தமையால், பேரனின் தலைவலியையும் காய்ச்சலையும் எவரும் பெரிதாகக் கருதவில்லை. வந்தது இளம்பிள்ளை வாதம் என அறிந்தபோது காலம் கடந்துவிட்டது. இறப்பதற்கு முந்திய நாள், செயலிழந்து வந்த கையால் எழுத்துருக் குலைந்த குறிப்பொன்றை வின்சென்ட் தே பவுல் சபை நண்பருக்கு எழுதினார். ஓர் ஏழைக்குச் சேரவேண்டிய ஊசிமருந்து. மற்றோர் ஏழையின் அடகுச் சீட்டு, அதைத் தம் கணக்கில் புதுப்பிக்கவேண்டும். மரணத் தறுவாயில் அவர் நினைவில் நின்ற கணக்கு இவ்வளவே. ஜூலை 4-ஆம் நாள் மாலை அவர் உயிர் பிரிந்தது.

அடக்கத்தன்றுதான் அக்குடும்பத்தின் கண் திறந்தது. செல்வர் வீட்டுச் சாவுக்குப் பெரிய மனிதர் வருவர் என எதிர்பார்த்திருந்தோர், தெருவை நிறைத்து நின்ற ஏழைகளைக் கண்டு திகைத்தனர். தங்களுக்கு வந்து உதவிய வாலிபர் இன்னார் வீட்டுப் பிள்ளை என்பதை அவ்வேழைகளிற் பலர் அன்றுதான் அறிந்தனர். தங்கள் பிள்ளை யார் என்பதைப் பெற்றோரும் அன்றுதான் அறிந்தனர்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். வலக்கை செய்வதை இடக்கை அறியாதபடி அவர் தருமம் செய்தது ஆண்டவர் கற்பித்த நெறிதான். ஆயினும், ஒரே கூரையின்கீழ் இருபத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்தும் பெற்றோர் பிள்ளையை அறியாது போனது பெருந்துயரம். "ஏன் தாமதம்?" என்று அவ்வீட்டில் பலமுறை கேட்டிருப்பர். "எங்கே போயிருந்தாய்? யாரைக் கண்டாய்? நாளை நானும் வரட்டுமா?" என்று ஒருமுறை பரிவோடு கேட்டிருந்தால், அப்பிள்ளையின் இதயக் கதவு திறந்திருக்குமன்றோ!

1990-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் இவரை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தவரும் இரண்டாம் அருள் சின்னப்பரே. உயிரோடிருந்தபோது எட்டாத பட்டத்தை 2001-இல் தூரின் பொறியியற் பல்கலைக்கழகம் அவர் நினைவுக்குச் சூட்டிச் சிறப்பித்தது. இதைக் கொண்டு, தேர்வில் தவறினாலும் கேடில்லை என்று மாணவ வாசகர் முடிவு செய்துவிடலாகாது. படிப்பைத் தம் கடமையாகவே கருதி, நண்பரை விலக்கிப் புத்தகத்தோடு போராடிய மாதங்களும் அவர் வாழ்வில் உண்டு. கடமையைத் தட்டிக்கழிக்கச் சங்கத்தைச் சாக்காக்குபவனுக்கு இப்புனிதர் பாதுகாவலர் ஆகார்.

அன்புள்ள மாணவச் செல்வங்களே! நீங்கள் எத்தனைச் சங்கங்களில் உறுப்பினர் என்று நாம் எண்ணப்போவதில்லை. மூன்று கேள்விகளை மட்டும் உங்கள் உள்ளத்திடம் கேளுங்கள். இச்சங்கம் என்னை யாருக்கு அருகில் கொண்டு சேர்க்கிறது: பீடத்திற்கும் ஏழைக்குமா, அன்றி எனக்கே நானா? இது தவறான கொடியை ஏற்றும் நாளில் எழுந்து வெளியேறும் துணிவு எனக்கு உண்டா? இதற்காக நான் கொடுக்கும் விலையை வீட்டில் மறைக்காமல் சொல்ல முடியுமா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்குமாயின் தயங்காது செல்லுங்கள். பியர் ஜார்ஜோ தம் நண்பர் குழுவைத் தொடங்கிய அதே 1924-ஆம் ஆண்டில்தான், கார்ட்டி அடிகளார் என்னும் பிரெஞ்சு சேசு சபைக் குருவின் முயற்சியால், அகில இந்திய கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் இயக்கமும் நம் நாட்டில் வேர் கொண்டது. உங்களுக்கும் இடமுண்டு, பணியும் உண்டு.

பெற்றோரே! நம்மிடம் முறையிட வரும் தாய்மாருக்கு நாம் சொல்லும் மறுமொழி இதுதான். பிள்ளைக்கு நாம் புத்தி சொல்லுமுன், இன்றிரவு அவனுக்குச் சோறு பரிமாறிக்கொண்டே, அவன் எங்கே போய் வருகிறான் என்று கேளுங்கள். கோபத்தோடு கேட்காதீர், அறியும் ஆவலோடு கேளுங்கள். அவன் சொல்லும் இடம் நல்ல இடமாயின், ஒருநாள் அவனோடு சென்றும் பாருங்கள். நல்லதன்று எனத் தோன்றினால், அப்போது அவனை நம்மிடம் அழைத்து வாருங்கள், சேர்ந்து பேசுவோம். உங்கள் பிள்ளையின் உள்ளத்தை அறிந்துகொள்ள, தூரின் நகர்ப் பெற்றோரைப் போல ஓர் அடக்க நாள் வரையில் நீங்கள் காத்திருக்கவேண்டாம்.

புனித பியர் ஜார்ஜோ நம் இல்லத்து மாணவருக்காகவும், அவர்களுக்காகக் காத்திருக்கும் பெற்றோருக்காகவும் ஆண்டவரிடம் மன்றாடுவாராக.