மைனஸ் ஆறைத் தாண்டிய கண்

வளர்ந்தவர்களின் கண், முன்னிருந்து பின்னாகச் சுமார் 24 மில்லிமீட்டர் நீளம். அதில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே கண்ணாடியின் பவர் இரண்டரை, மூன்று என்று ஏறிவிடும். மைனஸ் ஆறுக்கு மேற்பட்டதைக் கடும் கிட்டப்பார்வை என்கிறார்கள். அப்படி நீண்ட கண்ணில் சுவர் புதிதாக வளர்வதில்லை. இருக்கும் சுவர்தான் இழுபட்டு மெலிகிறது.

கண்ணின் வெண்மையாக நாம் பார்ப்பதுதான் அந்தச் சுவர், ஸ்க்ளீரா. கொலாஜன் நார்களால் ஆனது. எம்எம்பி-2 என்ற நொதி பழைய நாரை அரிக்கும்; டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் புதிய நாரை உருவாக்கத் தூண்டும். கொத்தனார் குறைந்து இடிப்பவர் பெருகிய வீடு மாதிரி, கிட்டப்பார்வை ஏறும் கண்ணில் அரிக்கும் நொதி கூடி, உருவாக்கத் தூண்டும் புரதம் குறைகிறது. இடிப்பவர்களை அழைத்து வருவது யார்?

தைவான் ஆய்வாளர்கள் 2016-இல் ஒரு விடை சொன்னார்கள்: அழற்சி. அந்நாட்டு மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளில், முதல் வகை சர்க்கரை நோய், லூபஸ், கண்ணின் உள் அழற்சியான யுவைடிஸ் ஆகியவை உள்ள சிறாரிடம் கிட்டப்பார்வை அதிகம் காணப்பட்டது. பிறகு வெள்ளெலிகளின் ஒரு கண்ணை மட்டும் மூடி வைத்தார்கள். தெளிவான காட்சி கிடைக்காத கண் நீளும் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். மூடிய கண்ணில் ஐஎல்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் புரதங்கள் கூடியிருந்தன. அழற்சியைத் தூண்டும் பாக்டீரியாப் பொருளைக் கொடுத்ததும் கிட்டப்பார்வை வேகமெடுத்தது; நோய் எதிர்ப்பைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் கொடுத்ததும் மட்டுப்பட்டது. கூட்டினால் கூடுகிறது, குறைத்தால் குறைகிறது. வெறும் தற்செயல் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

எனக்கு இதில் பெரிய வியப்பு அட்ரோபின். குழந்தைகளின் பவர் ஏறாமலிருக்கத் தரும் இந்தச் சொட்டு மருந்து, கண்ணின் குவியத் தசையைத் தளர்த்துவதால்தான் பலிக்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். ஆனால் கோழிக்குஞ்சின் குவியத் தசை அட்ரோபினுக்கு மசியாது. அப்படியிருந்தும் அதைக் கொடுத்த குஞ்சுகளில் கிட்டப்பார்வை குறைந்தது. தைவான் வெள்ளெலிகளிலோ, அதே அட்ரோபின் அழற்சிப் புரதங்களையும் குறைத்தது.

அழற்சியால் கண் நீள்கிறதா, நீண்டதால் அழற்சி வருகிறதா? இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கலாம். மரபும், வெயில் படாத வளர்ப்பும், ஓயாத கிட்டத்து வேலையும் சேர்ந்தே கண்ணை நீள வைக்கின்றன; அழற்சி மட்டுமே காரணமில்லை. ஆகவே அழற்சியைத் தணிக்கிறேன் என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கண்ணழுத்தம் கூடலாம், புரையும் வரலாம்.

நீண்ட கண்ணில் சுவரோடு விழித்திரையும் இழுபட்டிருக்கலாம். எனவே பவர் ஆறைத் தாண்டியிருந்தால், கண்ணாடி எவ்வளவு தெளிவாகக் காட்டினாலும், ஆண்டுக்கு ஒருமுறை கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகினாலோ, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.