வீட்டை ரெனவேட் பண்ணப் போறீங்களா? முதல் செலவை மொட்டை மாடியில இருந்து தொடங்குங்க!

மே மாசம். ராத்திரி 11 மணி. ஃபேன் 5-ல ஓடுது, ஆனா கீழே வர்றது காத்து இல்ல, அனல். சுவத்துல கை வெச்சா இன்னும் சுடுது. ஏ.சி-யைப் போட்டா ரூம் குளிர ஒரு மணி நேரம் ஆகுது. அதை நினைக்கும்போதே அடுத்த கரன்ட் பில்லும் கண் முன்னால வந்து நிக்குது. டாப் ஃப்ளோர் வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இது புதுக் கதை இல்ல.

இப்போ சீன் மாறுது. நீங்க சம்பாதிக்க ஆரம்பிச்சிட்டீங்க. அப்பா 20 வருஷத்துக்கு முன்னாடி கடன் வாங்கிக் கட்டுன வீடு. ``கொஞ்சம் மாத்திக் கட்டலாம்பா''னு நீங்களே ஆரம்பிக்கிறீங்க. கையில மூணு, நாலு லட்சம் இருக்கு. இன்ஸ்டாகிராமைத் திறந்தா ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், பளபளக்கும் டைல்ஸ்னு வரிசையா ரீல்ஸ். எல்லாத்தையும் போட்டு முடிச்ச பிறகும் அடுத்த மே மாசம் அதே அனல் அடிச்சா?

அந்தப் பணம் திரும்ப வராது. அதனால, செலவு பண்றதுக்கு முன்னாடி வரிசையைக் கொஞ்சம் யோசிக்கலாம். எதைச் செஞ்சா வீடு குளிரும், பில் குறையும், நாளைக்கு விக்கப் போனாலும் வாடகைக்கு விட்டாலும் மதிப்பு நிக்கும்? ஒவ்வொண்ணா பார்க்கலாம், வாங்க.

முதல்ல ஒழுகலை நிறுத்துங்க

`பசுமை வீடு'ன்னதும் பலரும் நேரா சோலாருக்குப் போயிடுறாங்க. ஆனா முதல் வேலை ஒழுகலும் ஓதமும்தான். தளத்துல விரிசல் இருந்தா மழைத் தண்ணி உள்ளே இறங்கி கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிச்சா ஊதும். ஊதினா கான்கிரீட் பெயர்ந்து விழும். அது அழகுப் பிரச்னை இல்ல, வீட்டோட ஆயுள் பிரச்னை.

வீடு வாங்க வர்றவங்க, பேங்க் கடனுக்காக மதிப்புப் போட வர்ற இன்ஜினீயர் எல்லாரும் சீலிங்கைத்தான் அண்ணாந்து பார்ப்பாங்க. ஈரத் திட்டு இருந்தா அங்கேயே விலை இறங்கிடும். ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைச்சா தப்பிச்சிடலாமேனு தோணும். ஆனா ஒழுகல் உள்ளே தொடர்ந்துட்டேதான் இருக்கும், அது தெரியுறப்போ செலவு பல மடங்காகி இருக்கும். அதனால வாட்டர் ப்ரூஃபிங் முடிச்சிட்டுதான் மத்ததெல்லாம்.

கூரைக்கு வெள்ளை அடிங்க

மேல் மாடி வீட்டுக்குள்ள வர்ற சூட்டுல பெரும் பங்கு கூரை வழியாத்தான் இறங்குது. பகல் முழுக்க கான்கிரீட் ஸ்லாப் வெயிலைக் குடிச்சு வெச்சுக்கும். சாயங்காலத்துக்கு மேல அதை மெதுவா உள்ளே விடும். ராத்திரி 11 மணிக்கு ஃபேன் அனலைத் தள்ளுறதுக்குக் காரணம் இதுதான்.

நம்ம ஊர்ல பழைய கொத்தனார்களுக்கு இது நல்லாவே தெரியும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு, மேல தட்டோடு பதிச்சாங்க. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிச்சாங்க. இன்னிக்கு அதோட புது வடிவம்தான் `கூல் ரூஃப்' பெயின்ட். வெயிலைத் திருப்பி அனுப்புற வெள்ளைப் பூச்சு, அவ்வளவுதான். தெலங்கானா மாநிலம் 2023-ல இதுக்குன்னே தனியா ஒரு கொள்கையே கொண்டு வந்திருக்கு.

பலன் எவ்வளவு? வீட்டோட அமைப்பைப் பொறுத்து அறைக்குள்ள சில டிகிரி குறையும். கேக்க சின்னதா இருக்கும். ஆனா ஏ.சி ஓடுற நேரமும், அது படுற பாடும் குறையும்.

ஒரு எச்சரிக்கை. பெயின்ட் வாங்கும்போது `எஸ்.ஆர்.ஐ' மதிப்பு எவ்வளவுனு டப்பாவுல பாருங்க. வெயிலை எந்த அளவுக்குத் திருப்பி அனுப்பும்னு சொல்ற எண் அது. அதிகமா இருந்தா நல்லது. அப்புறம், தூசி படிஞ்சா வெள்ளை வேலை செய்யாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது தளத்தைக் கழுவி விடணும். பட்ஜெட்டே இல்லையா? சுண்ணாம்பு அடிங்க. மழைக்குப் போயிடும், அடுத்த கோடைக்கு முன்னாடி திரும்ப அடிக்கணும். ஆனா செலவு ரொம்பக் கம்மி.

மேற்கு ஜன்னல்தான் வில்லன்

மதியம் 2 மணிக்கு மேல சாய்ஞ்சு அடிக்கிற வெயில், மேற்கு ஜன்னல் வழியா நேரா ஹாலுக்குள்ள வந்து உக்காந்துக்கும். கனமான திரை போட்டா போதும்னு நினைக்கிறோம். ஆனா வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துட்டா சூடும் உள்ளேதான். திரையும் சேர்ந்து சூடாகும்.

அதனால நிழலை வெளியே உண்டாக்குங்க. சன்ஷேடை நீட்டலாம். மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டி, கொடி படர ஒரு கம்பி வலை, எதுவா இருந்தாலும் ஜன்னலுக்கு வெளியே இருக்கணும். இடம் இருந்தா மேற்குப் பக்கம் ஒரு வேப்பங்கன்னு வைங்க. அஸ்திவாரத்துல இருந்து கொஞ்சம் தள்ளி!

அதோட, காத்து உள்ளே வர ஒரு வழி இருந்தா, வெளியே போகவும் எதிர்ப் பக்கம் ஒரு வழி வேணும். கப்போர்டு அடிச்சு மூடின ஜன்னல் இருந்தா திறந்து விடுங்க. ஆனா, காத்துக்காக சுவரை இடிக்கிறதுக்கு முன்னாடி கட்டாயம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கேளுங்க. பழைய வீடுகள்ல சுவரே தளத்தைத் தாங்கும். `இது சும்மா தடுப்புச் சுவர்தான்'னு யாராவது வாயால சொன்னா நம்பிடாதீங்க.

ஃபேன் கணக்கு தெரியுமா?

சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி ஃபேன் 30-ல இருந்து 35 வாட்தான். ஒரு ஃபேன்ல 40 வாட் மிச்சம்னு வைங்க. தினமும் 12 மணி நேரம் ஓடினா, 2 மாசத்துல கிட்டத்தட்ட 29 யூனிட். நாலு ஃபேன் இருந்தா 115 யூனிட்!

தமிழ்நாட்டுல இந்தக் கணக்குக்கு எடை அதிகம். வீட்டு மின் இணைப்புக்கு 2 மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதுக்கு மேல படிப்படியா யூனிட் விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிட்டா, கீழ் படியில இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து கூடுதல் விலை போடுவாங்க. `510 யூனிட்தானே வந்துச்சு, ஏன் பில் இவ்ளோ எகிறுச்சு'னு குழம்புறது இதனாலதான். எல்லைக்கோட்டுல நிக்கிற வீட்டுக்கு நாலு ஃபேனை மாத்தினாலே பில்லோட முகம் மாறிடும்.

ஓடுற ஃபேனை எல்லாம் ஒரே நாள்ல கழட்ட வேணாம். ரிப்பேராகிறது, காயில் போறதுன்னு ஒவ்வொண்ணா மாத்துங்க. ராத்திரி முழுக்க ஓடுற பெட்ரூம் ஃபேன்ல இருந்து ஆரம்பிங்க.

ஏ.சி வாங்கினா ஸ்டாரை மட்டும் பார்க்காம, லேபிள்ல எந்த வருஷம்னும் பாருங்க. ஸ்டார் அளவுகோலை அப்பப்போ இறுக்குவாங்க. பழைய லேபிள்ல 5 ஸ்டாரா இருக்கிறது, புது அளவுகோல்ல குறைஞ்சிருக்கலாம். 24 டிகிரியில வெச்சு, கூடவே ஃபேனையும் 2-ல ஓட விடுங்க. ஒவ்வொரு டிகிரி ஏத்தி வைக்கும்போதும் சுமார் 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சமாகும்னு எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ சொல்லுது.

தண்ணீர்தான் இங்கே நிஜமான தங்கம்

சென்னையில வீடு பார்க்கப் போனா வாஸ்துவுக்கு முன்னாடி வர்ற கேள்வி என்ன? ``தண்ணி எப்படிங்க?'' 2019 கோடையில சென்னைக்குக் குடிநீர் தர்ற ஏரிகள் வறண்டு, லாரிக்காக ராத்திரி முழுக்கக் காத்திருந்த நகரம் இது. தண்ணி நல்லா இருக்கிற வீட்டுக்கு வாடகைக்கு ஆள் தேட வேண்டியதே இல்ல.

ஒரு எளிய கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர் தண்ணி. சென்னையில வருஷத்துக்குச் சராசரியா சுமார் 1,400 மி.மீ மழை. 1,000 சதுர அடி மாடின்னா சுமார் 93 சதுர மீட்டர். வீணாகுறது போகப் பார்த்தாலும் ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரியில எட்டு லோடு! உங்க தலைக்கு மேல சும்மா கொட்டிட்டுப் போகுது.

தமிழ்நாட்டுல 2003-லயே எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க. அதனால உங்க வீட்டுலயும் ஒரு பைப் இருக்க வாய்ப்பு அதிகம். அது எங்கே போகுதுனு என்னிக்காவது பார்த்திருக்கீங்களா? பாதி வீடுகள்ல இலையும் மண்ணும் அடைச்சுக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல தொடங்கும். அதுக்கு முன்னாடி பைப்பைச் சுத்தம் பண்ணி, ஜல்லி, மணலைக் கழுவிப் போட்டு, முதல் மழைத் தண்ணியை வெளியே விட ஒரு வால்வு வைங்க. களிமண் பூமின்னா சின்னக் குழி போதாது, ஆழமான உறைகிணறு தேவைப்படும்.

பாத்ரூமை எப்படியும் மாத்துறீங்கன்னா, ரெண்டு பட்டன் இருக்கிற டூயல் ஃப்ளஷ் போடுங்க. குழாய் முனையில ஏரேட்டர் மாட்டுங்க. சில நூறு ரூபாய்தான், தண்ணி வேகம் குறைஞ்ச மாதிரியே தெரியாது, ஆனா செலவாகுறது பாதியா குறையும்.

இப்போ சோலாருக்கு வரலாம்

தேவையைக் குறைச்ச பிறகு சோலார் போட்டா, சின்ன சிஸ்டமே போதும். அதான் இதைக் கடைசியில வெச்சேன்.

ஒரு கிலோவாட் பேனலுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேணும். நம்ம வெயிலுக்கு நாளைக்குச் சராசரியா 4 யூனிட் கிடைக்கும். 2024 பிப்ரவரியில தொடங்கின `பி.எம் சூர்யா கர்' திட்டத்துல ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம். பேனல் இந்தியாவுல தயாரானதா இருக்கணும். அரசு போர்ட்டல்ல பதிவு பண்ணி, அங்கே பட்டியல்ல இருக்கிற நிறுவனம் மூலமா போட்டாதான் மானியம்.

போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய ரெண்டு விஷயம். பேட்டரி இல்லாத சோலார், கரன்ட் கட்டானா தானும் நின்னுடும். லைன்ல வேலை பார்க்கிறவங்க பாதுகாப்புக்காக அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க. ரெண்டாவது, அபார்ட்மென்ட்ல மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. அசோசியேஷன் சம்மதம் இல்லாம போட முடியாது. ஆனா லிஃப்ட், மோட்டார், பொது விளக்குக்கு அசோசியேஷனே சேர்ந்து போட்டா, அதுக்கும் ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு.

இதுல மாட்டிக்காதீங்க

மாடித் தோட்டம் அழகுதான். ஆனா ஒரு சதுர அடியில ஒரு அடி உயரத்துக்கு ஈர மண் போட்டா கிட்டத்தட்ட 50 கிலோ எடை. தளத்து மேல நேரா மண் கொட்டாம, தொட்டியில வெச்சு, ஸ்டாண்டு மேல ஏத்தி, உத்தரம் போற ஓரமா அடுக்குங்க.

பழைய பெயின்ட்டைக் காய்ஞ்சபடியே தேய்க்க விடாதீங்க. இந்தியாவுல வீட்டுப் பெயின்ட்ல ஈயத்தோட அளவுக்கு கடுமையான வரம்பு 2017 நவம்பர்ல இருந்துதான். அதுக்கு முந்தின பூச்சுத் தூசியில ஈயம் இருக்கலாம். வீட்டுல குழந்தை இருந்தா, ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லி, அந்த ரெண்டு நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்பிடுங்க.

பழைய தேக்குக் கதவு, ஜன்னலை இடிக்கிறவர்கிட்ட `எடுத்துட்டுப் போங்க'னு குடுத்துடாதீங்க. காரைக்குடியில பழைய மரச் சாமான் கடைகளுக்குன்னே ஒரு தெரு இருக்கு. ஊர்ல இருந்து வந்து விலை குடுத்து வாங்கிட்டுப் போறாங்க. இழைச்சு, எண்ணெய் பூசினா உங்க ஹாலுக்கே அது போதும்.

மதிப்பு எப்படிக் கூடும்?

நேராவே சொல்லிடலாம். பத்திரப் பதிவுக்கான அரசு வழிகாட்டி மதிப்புல, உங்க கூல் ரூஃபுக்குத் தனி விலை கிடையாது. மதிப்பு கூடுறது பேரம் பேசுற மேஜையில. அங்கே `வீடு ஜில்லுனு இருக்கும் சார்'னு வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. கையில ஆதாரம் இருக்கணும்.

அதனால இன்னிக்கே போன்ல ஒரு ஃபோல்டர் போடுங்க. வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் வந்த கரன்ட் பில், வாட்டர் ப்ரூஃபிங் வாரன்டி, சோலார் ஒப்பந்தம், எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வைங்க. சுவரை உடைச்சு பைப், வயர் போடும்போது பூசுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. பத்து வருஷம் கழிச்சு எங்கே டிரில் பண்ணலாம்னு அந்த போட்டோதான் சொல்லும்.

இந்த ஞாயித்துக்கிழமை மதியம் 3 மணிக்கு, செருப்பைப் போட்டுக்கிட்டு ஒரு தடவை மாடிக்குப் போங்க. தளத்துல விரிசல் எங்கே, தண்ணி தேங்கின கறை எங்கே, மழைநீர் பைப் வாய் எங்கே, நிழல் எந்தப் பக்கம் விழுதுனு பாருங்க. கீழே வந்து கடைசி ஆறு கரன்ட் பில்லை எடுத்து வைங்க. அப்பாவையும் பக்கத்துல உக்கார வெச்சுக்குங்க. எந்த இடத்துல ஜல்லி கம்மியா விழுந்துச்சு, எந்த மழையில எங்கே ஒழுகுச்சுனு அவருக்குத்தான் தெரியும். அந்த வீட்டைக் கட்டினவர் அவர்.

அதுக்கப்புறம் டைல்ஸ் கடைக்குப் போகலாம்.