பிடி கொடுக்காத குமிழ்

ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும் மும்பையில் பழைய ஜீப்புகளுக்கு உயிர் வந்துவிடுகிறது. செம்பூரிலிருந்து சயான்-பன்வேல் சாலையைப் பிடித்து சஹ்யாத்ரி மலைப் பக்கம் கிளம்புகிறவர்கள், சேற்றில் சிக்கியதும் நான்கு சக்கர இயக்கத்துக்கான லீவரை நம்பிக்கையோடு இழுக்கிறார்கள். இன்ஜின் உறுமுகிறது. பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைக்கின்றன. முன்சக்கரங்களோ வேடிக்கை பார்க்கின்றன. கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவுகட்டி, ஊர் திரும்பியதும் அதைப் பிரிக்கச் சொல்கிறார் உரிமையாளர். பல சமயம் குற்றவாளி அங்கே இல்லை. முன்சக்கரத்தின் நடுவே, உள்ளங்கைக்குள் அடங்கும் குமிழுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

லாக்கிங் ஹப் என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புகளில் இது கிடையாது. போர் முடிந்து அவை சாதாரணச் சாலைகளுக்கு வந்தபோது, தேவையற்ற நேரத்திலும் முன் ஆக்சில் சேர்ந்து சுழன்று பெட்ரோலைக் குடித்தது. 1948-ல் அமெரிக்காவில் சியாட்டில் பகுதியில் தொழில் தொடங்கிய ஆர்தர் வார்ன், ஆக்சிலுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு பூட்டை வைத்து விற்றார். அந்த 1940-களின் இறுதியில்தான் மும்பை மஜ்காவில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளின் பாகங்களை இணைத்து வண்டியாக்கத் தொடங்கியது. பின்னாளில் இந்தியாவில் ஓடிய ஜீப்புகள் பலவற்றிலும், 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியிலும், நான்கு சக்கர இயக்கமுள்ள பழைய பிக்கப்புகளிலும் இந்தப் பூட்டு இடம்பிடித்தது.

குமிழை ‘லாக்’குக்குத் திருப்பினால் உள்ளே ஒரு பல்வளையம் நகர்ந்து ஆக்சிலையும் சக்கரத்தையும் இணைக்கும். ‘ஃப்ரீ’யில் சக்கரம் தனியே உருளும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் பாதிப் பலனாவது கிடைக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கிடைப்பது பூஜ்யம். சாதாரண டிஃபரன்ஷியல், தடையில்லாத பக்கமே சுழலும்படி விட்டுவிடும்; பூட்டாத பக்கத்து ஆக்சில் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆகவே சோதனை இரண்டு பக்கமும் அவசியம். வண்டியை இரு சக்கர இயக்கத்தில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ‘ஃப்ரீ’யில் சக்கரத்தைக் கையால் சுற்றும்போது உள்ளே ஆக்சில் கூடவே சுழலக் கூடாது, ‘லாக்’கில் சுழன்றாக வேண்டும்.

குமிழ் திரும்ப மறுத்தால் குறடு போடுவது தவறு. உடைவது குமிழ்தான். பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கலாம். வண்டியை ஓரடி முன்னும் பின்னும் நகர்த்தினால் பொருந்திவிடும். காய்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டியிருந்தால் முறுக்கு ஏறியிருக்கும். சில அடி ரிவர்ஸ் எடுத்தால் இறங்கும்.

அப்படியும் மசியாவிட்டால் ஹப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். கிரீஸ் பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டிய 2005 ஜூலை 26-ஐ மறக்காத நகரத்தில் இது அற்ப விஷயமல்ல. இன்னொரு கோளாறு மனிதர் செய்வது. பேரிங்குக்கு நிறைய கிரீஸ் வேண்டும் என்பதால் ஹப்பிலும் அள்ளி அடைத்துவிடுகிறார்கள். அங்கே மெல்லிய பூச்சு போதும். அதிகமானால் பல்வளையம் நகராது. ஏற்றத்தில் ‘கடகட’வென்று சத்தம் வந்தால் பற்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது பாதி மட்டும் பிடித்திருக்கலாம். உடனே நிறுத்த வேண்டும். போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பார்ப்பது நல்லது.

மாற்று ஹப் தேடி தாராவியை அடுத்த குர்லாவின் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் ஆக்சிலின் பல் எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறும். எண்ணிப் பார்த்து வாங்கினால் இரண்டாம் நடை மிச்சம்.

இந்தக் குமிழைக் கெடுப்பது பெரும்பாலும் உழைப்பல்ல, ஓய்வு. வருடம் முழுக்கத் தொடாமல் விட்டால் துரு பிடித்து இறுகிவிடும். மாதம் ஒருமுறை பூட்டி, சில கிலோமீட்டர் ஓட்டித் திறந்தால் போதும். இரு சக்கர இயக்கத்தில் ஹப் பூட்டியே இருந்தாலும் கொஞ்சம் எரிபொருள்தான் கூடும், வண்டிக்குச் சேதமில்லை. எனவே மழைநாளில் மலைக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டு வாசலிலேயே இரண்டையும் பூட்டிவிடலாம். முழங்கால் சேற்றில், இருட்டில், குமிழைத் தேட வேண்டியிருக்காது.