கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடலாமா?

ஆரம்ப சுகாதார நிலையம் நன்றாக நடக்கிறதா என்று கேட்டால், நாம் ஓ.பி. கூட்டத்தைக் காட்டுவோம். ஜனங்கள் வருகிறார்கள் என்பதைத்தான் கூட்டம் சொல்லும். வந்தவர் உடம்பு தேறியதா என்பது வேறு கேள்வி. அதைப் பார்ப்போம்.

ரத்தக் கொதிப்பையே எடுத்துக்கொள்வோம். 140க்கு 90 என்ற கோட்டுக்குக் கீழே இருந்தால் கட்டுக்குள் இருப்பதாகக் கணக்கு.

சூலூர் பக்கம் ஒரு கிராமத்தில் 300 பேருக்குக் கொதிப்பு என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் நிலையத்தில் பதிந்து மாத்திரை வாங்குகிறார்கள். 60 பேருக்குக் கட்டுக்குள் வந்துவிட்டது. நூற்றுக்கு அறுபது, பரவாயில்லையே என்கிறோம். எல்லோரும் வழுக்குவது இங்கேதான். பொள்ளாச்சியில் 300 தென்னங்கன்று நட்டவர், பிழைத்த நூறை மட்டும் எண்ணிப் பெருமை பேசினால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சிரிக்கமாட்டாரா? கட்டுக்குள் வந்த 60 பேரை 300ஆல் வகுத்தால் நூற்றுக்கு இருபதுதான். கணக்கில் விட்டுப்போனவர்கள் யார்? மில்லில் ஷிப்ட் போகிறவர், நோய் இருப்பதே தெரியாதவர், "தலை சுத்தறதில்லீங்க, மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்திக்கொண்டவர்.

இவர்களை எண்ண வீடு வீடாகப் போய் அளக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2020இல் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வு அப்படித்தான் அளந்தது. கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கே கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. தன்னார்வலப் பெண்கள் வீட்டுக்கே போய் அளந்து மாத்திரை கொடுத்தார்கள். 2023-24இல் மறுபடி அளந்தபோது 17 சதவீதம்.

அவ்வளவும் திட்டத்தின் புண்ணியமா? அப்படி முடிவுகட்ட எனக்கு அவசரமில்லை. நடுவில் கொரோனா வந்துபோனது. தனியார் டாக்டரிடம் போகிறவர்களும் அந்த 17இல் இருக்கிறார்கள். திட்டம் இல்லாத ஒரு வட்டாரத்தோடு ஒப்பிட்டால் தெளிவாகும். ஆனால் மாநிலம் முழுக்கப் பரவிவிட்டதில் அப்படி ஒதுங்கி நிற்கும் ஊர் கிடைப்பது கஷ்டம். இருந்தாலும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது சின்ன விஷயமில்லை.

நிலையத்துக்குள்ளேயே சரியாக எண்ணவும் ஒரு வழி உண்டு. நாட்டின் உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், பதிந்துவிட்டு வராமல் போனவரையும் வகுக்கும் எண்ணில் வைத்தே கணக்கிடுகிறார்கள். கட்டுக்குள் வந்தவர் அட்டை, வராதவர் அட்டை என்று செவிலியர் பிரித்து வைத்துப் பார்த்தால் போதும். வராதவர்களில் பாதிப்பேர் பகல் ஷிப்ட்காரர்கள் என்று தெரிந்தால், மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் மாத்திரை கொடுக்க முடியுமா என்று பார்க்கலாம்.