வீழ்ந்த மரமும் கூரிய உளியும்

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வீசிய வர்தா புயலில் தாம்பரம், வண்டலூர் வட்டாரங்களில் வேரோடு சாய்ந்த மரங்கள் பல. வேம்பும் தூங்குமூஞ்சியும் துண்டு துண்டாக அறுக்கப்பட்டன. மரச் சிற்பம் கற்க விழைவோர் முதலில் நாட வேண்டியது இவ்வாறு வீழ்ந்த மரத்தையே. விலையுயர்ந்த தேக்கை அன்று.

இயந்திரம் செதுக்கிய கதவுகள் கடைகளில் மலிந்துவிட்ட இந்நாளில், கையால் செதுக்கக் கற்பது வீண் முயற்சியன்றோ எனச் சிலர் வினவக்கூடும். அதற்கு விடை பின்னர். முதலில் மரத்தை அறிவோம்.

எந்த மரம்?

தொடக்க நிலையினருக்குக் குமிழ மரம் மிகவும் ஏற்றது. மென்மையானது, உலரும்போது அதிகம் கோணாதது. வேம்பும் மாவும் நம் பகுதியில் எளிதில் கிடைப்பவை. எனினும் மாமரத்தில் வண்டு விரைவில் துளையிடும். ஈரத்தோடு போட்டுவைத்தால் உளுத்துப்போகும். வாகை அழகிய மரம். ஆனால் அதன் தூள் தும்மலை வருவிக்கும். மூக்கைத் துணியால் மூடிக்கொள்வது நலம். அரளியைத் தொடவே வேண்டா. அது நச்சுச் செடி. கருங்காலியும் புளியும் கடினமானவை. கை பழகிய பின்னர் பார்த்துக்கொள்ளலாம். தெருவோரத்தில் வீழ்ந்த மரமாயின், மாநகராட்சியின் இசைவு பெற்ற பின்னரே எடுக்க வேண்டும்.

பச்சை மரம் உலரும்போது சுருங்கும். வெட்டுமுனைகளின் வழியே ஈரம் விரைந்து வெளியேறுவதால் வெடிப்பும் அங்கேதான் முதலில் தோன்றும். ஆகவே உருட்டுக்கட்டையை நடுவே பிளந்து, இரு முனைகளிலும் மெழுகோ வண்ணமோ பூசி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தரையில் படாமல் அடுக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

எந்தக் கருவி?

பெட்டி நிறைய உளிகள் தேவையில்லை. தட்டை உளி ஒன்று, நுனி வளைந்த குழி உளி இரண்டு, சிறு கத்தி, கொட்டாப்புளி, பலகையை அசையாமல் இறுக்க ஒரு கிளாம்ப், சாணைக்கல் ஆகியவை போதும். இவற்றுள் தலையாயது சாணைக்கல்லே. மழுங்கிய உளி மரத்தை அறுக்காது, நசுக்கும். அதனால் கை மேலும் அழுத்தும். அழுத்திய உளி வழுக்கி விரலைப் பதம் பார்க்கும். நாருக்குக் குறுக்கே ஒரு சீவல் சீவிப் பாருங்கள். வெட்டிய இடம் பளபளத்தால் உளி கூர்மையானது. வெண்கீறல் விழுந்தால் மீண்டும் தீட்டுங்கள்.

முதற் பாடம்

ஆறங்குலச் சதுரப் பலகையில் ஒரு மாவிலை வரையுங்கள். கோட்டின்மீது உளியை நிறுத்தித் தட்டி எல்லை வெட்டுங்கள். பின்னர் வெளிப்புறத்தைக் கால் அங்குலம் தாழ்த்தி, இறுதியில் இலையின் சரிவை அமையுங்கள். சிராய் சிராயாகப் பிளந்தால் நாரின் போக்குக்கு எதிராகச் செதுக்குகிறீர்கள் என்று பொருள், எதிர்ப்புறத்திலிருந்து தொடங்குங்கள். இரு கைகளும் எப்போதும் உளிமுனைக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

நல்ல வேலைப்பாட்டைக் கண்ணால் காண்பதும் பயிற்சியே. 1996-இல் திறக்கப்பட்ட முட்டுக்காடு தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டின் மரவேலையையும், கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த சிரியன் கிறிஸ்தவர் இல்லத்தையும் காணலாம். முறையாகக் கற்க விரும்பும் இளைஞருக்கு, 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு நிறுவனம் இன்று கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக விளங்குகிறது.

இனி அந்த வினாவுக்கு வருவோம். அரும்பாவூர் மரச்சிற்பம் 2020-இலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இலும் புவிசார் குறியீடு பெற்றன. குறியீடு பெயரைக் காக்கும். சிற்பியின் அடுப்பை எரியச் செய்வதோ வாங்குவோர் தரும் நேரிய விலையே. சூசையப்பரின் தச்சுக்கூடத்தைப் படத்தில் கண்டு வணங்கும் நாம், அடுத்த தெரு ஆசாரியிடம் கூலிக்குப் பேரம் பேசுகிறோம். ஓர் இலையைச் செதுக்கப் பத்து மாலைப்பொழுதுகள் செலவிட்டவர் அவ்வாறு பேசத் துணியார். அவர் சிற்பியாகாமற் போகலாம். ஆனால் பிறர் உழைப்பின் விலையைத் தம் கைகளாலேயே அறிந்திருப்பார். கையால் கற்பதன் பயன் அதுவே.